குணாளனின் இடது கால்

இடது காலின் பெருவிரல் உள்பக்கமாக மடங்கிக்கொண்டு, விட மாட்டேன் என்றது. சீரங்காயி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். கண்ணுக்குத் தெரிந்த விரல் மடங்கவே இல்லை. சித்திரை வெயிலில், ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில், அது பாட்டுக்கு நீட்டிக்கொண்டு கிடந்தது. நகத்தில் கல்மாவு. தொட்டால் சூடு. ஆனால் உள்ளே இன்னொரு கால் இருந்தது. நனைந்த சாக்கில் ஐஸ் கட்டியோடு சேர்த்துக் கட்டிப் போட்ட மாதிரி அது குளிர்ந்தது. குதிகாலில் யாரோ உளி வைத்து அடித்தார்கள்.

அந்தக் கால் அவளுடையது இல்லை. பனிமலையில் கண்ணிவெடியில் மாட்டிய ஒரு பட்டாளத்துக்காரனுடையது. முழங்காலுக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. வலி மட்டும் போகவில்லை. அதைத்தான் அவள் வைத்திருந்தாள்.

"என்னடி, உன் பட்டாளத்தான் எந்திரிச்சிட்டானா?" என்றாள் பக்கத்தில் ஜல்லி உடைத்தவள்.

"எந்திரிச்சிட்டான். இரும்புக் காலை மாட்டி நடக்கப் பழகுறான் போல. காலங்காத்தால உயிரை வாங்குறான்."

"என் வீட்டுக்காரன் பக்கத்துல படுத்திருந்தும் எப்ப எந்திரிச்சான்னு தெரிய மாட்டேங்குது. உனக்கு எங்கியோ கிடக்கிறவன் எந்திரிச்சாத் தெரியுது. குடுத்து வச்சவ நீ."

சீரங்காயி துண்டை மூக்குக்கு மேலே இழுத்துக் கட்டிக்கொண்டு மறுபடி சுத்தியலை எடுத்தாள். கல் அரைக்கும் கிரஷரில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். தலையையும் வாயையும் சேர்த்துத் துண்டு. கண் மட்டும் தெரியும். ஆண்கள் கட்டுவதில்லை. கட்டினால் மூச்சு முட்டுது என்பார்கள். கட்டாமல் இருந்ததில்தான் பெரியண்ணனுக்கு மூச்சே முட்டிப் போனது.

பெரியண்ணன் அவள் புருஷன். குவாரியில் பாறைக்குத் துளை போடுகிறவர். கல்மாவு அவருடைய நுரையீரலில் போய்ப் படிந்து, படிந்து, சிமெண்டாக இறுகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். நுரையீரலைக் கழுவும் இயந்திரம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. ராணுவ மருத்துவமனையில். முன்கட்டடம் சிப்பாய்களுக்கு. பின்கட்டடத்தைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். சும்மா இல்லை. ஒரு வீட்டிலிருந்து ஒருத்தர் ஒரு சிப்பாயின் வலியை வாங்கிக்கொண்டால், அந்த வீட்டு நோயாளிக்கு ஒரு கட்டில். சுமக்கிற வரைக்கும் கட்டில்.

முதல் நாள் எல்லாவற்றையும் விளக்கியது ரோசலின். அந்தப் பிரிவின் நர்ஸ். தோளில் லெப்டினன்ட் நட்சத்திரம் இருந்தாலும் ஜனங்களுக்கு அவள் சிஸ்டர்தான்.

"வலியை அழிக்கிறதுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கலம்மா. மருந்து குடுத்துக்கிட்டே இருந்தா ஆளே மந்தமாயிடுறான். இப்போதைக்கு இடம் மாத்தத்தான் முடியுது."

"வீட்டைக் கூட்டிக் குப்பையை அடுத்த வீட்டு வாசல்ல தள்ளுற மாதிரி."

ரோசலின் சிரிக்கவில்லை. "அப்படித்தான்."

"அப்ப நான் அடுத்த வீடு."

"உங்களுக்கு வேணாம்னா வேணாம்மா. கட்டாயம் இல்ல."

கட்டாயம் இல்லைதான். வெளியே வரிசை கேட் வரைக்கும் நின்றது. வலி வாங்கக் காத்திருக்கும் வரிசை. அதில் ஒருத்தர் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, "எல்லையில சண்டை ஒண்ணையும் காணோமே. பேச்சுவார்த்தையாம்" என்றார். மழை பொய்த்துப்போன வருஷத்தில் மானாவாரிக்காரர் வானத்தைப் பார்த்துப் பேசுகிற குரல் அது. யாரும் அவரை முறைக்கவில்லை. எல்லோருக்கும் வீட்டில் ஒரு நோயாளி இருந்தார்.

பிடரியில் பொட்டு அளவில் ஒரு வில்லையை ஒட்டினாள் ரோசலின். "இதை ஒட்டிட்டா மட்டும் வந்துடாது. அங்க அவர் விடணும், இங்க நீங்க வாங்கிக்கணும். மனசார. திருப்பிக் குடுக்குறதும் அப்படித்தான். வம்பாப் பிடுங்க முடியாது. ரெண்டு பேரும் இந்த மேசைகள்ல பக்கத்துப் பக்கத்துல படுத்தாத்தான் நடக்கும்."

"அவர் பேரு என்னங்க சிஸ்டர்?"

"பேரு, ஊரு, விலாசம் எதையும் சொல்லக் கூடாது. சட்டம். தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் நிம்மதி போயிடும்."

மனசார வாங்குவது என்றால் என்ன என்று சீரங்காயிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. குவாரிச் சரிவில் பெண்கள் வரிசையாக நின்று கல்லைக் கைக்குக் கை ஏற்றுவார்கள். வாங்குகிறவள் இரண்டு கையையும் கல்லுக்கு அடியில் கொடுத்து, பாரம் தன் கையில் இறங்கியதும் "வாங்கியாச்சு" என்பாள். அந்தச் சொல் வருகிற வரை கொடுக்கிறவள் விடக் கூடாது. வந்த பிறகு கண்ணிமைக்கிற நேரம்கூடப் பிடித்திருக்கக் கூடாது. இரண்டு பேர் இழுத்தால் கல் யார் காலிலாவது விழும். முன்னாலேயே விட்டவளை மன்னிப்பார்கள், அசதி என்று. சொல் வந்த பிறகும் பிடித்தவளை மறுநாள் வரிசையில் சேர்க்க மாட்டார்கள்.

மேசையில் படுத்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் காது கொடுத்தாள். மருந்து மயக்கத்தில் யாரோ பெரிதாக மூச்சு விட்டது மட்டும் கேட்டது. "வாங்கியாச்சு" என்று தனக்குள் சொன்னாள். கால் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியண்ணனைப் பார்க்கப் போவாள். இயந்திரம் கழுவிய பிறகு அவருக்கு நாலு வார்த்தை பேச மூச்சு கிடைத்தது. கிடைத்த மூச்சை நக்கலுக்குச் செலவழித்தார்.

"என்ன புள்ள, இன்னொருத்தன் காலை வச்சுக்கிட்டு எம் பக்கத்துல வந்து உக்காருற. ஊரு என்ன பேசும்?"

"ஊரு பேசட்டும். நீ வாய மூடிக்கிட்டு மூச்சு விடு மாமா."

"நல்ல காலா? உதைக்கிறானா?"

"ஞாயித்துக்கிழமை லீவு. பேசாம இருக்குது."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பேச்சு அவ்வளவுதான்.

அவர் கட்டிலுக்கு வந்து ஒரு வருஷம் போல ஆகியிருக்கும். ஒரு நாள் வேலையிலிருந்து நேராக வந்தவள், முகத்துத் துண்டை அவிழ்க்காமல், முன்கட்டடத்துக்கும் பின்கட்டடத்துக்கும் நடுவில் இருந்த குழாயடியைத் தாண்டினாள். அங்கே சிமெண்டு பெஞ்சில் இரும்புக் காலோடு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நில்லுங்க. அந்தப் பெருவிரலை உள்ளாற மடக்காதீங்க."

சீரங்காயி நின்றாள். "நான் எங்க மடக்குறேன்? அதுவா மடங்குது."

"தெரியும். வெளிய விரியுற மாதிரி நெனைங்க. சேத்துல கால் பதிஞ்சா விரல் விரியுமே, அப்பிடி. உடனே விடாது. மெள்ள விடும்."

அவள் சேற்றை நினைத்தாள். உள்ளே மடங்கியிருந்த விரல் ஒன்று கழன்றது. பிறகு இன்னொன்று. இத்தனை நாளில் முதல் தடவையாக.

"நீங்கதானா?"

"நான்தான். லான்ஸ் நாயக் குணாளன்."

"நான் சீரங்காயி. மூஞ்சியில துண்டு. எப்பிடிக் கண்டீங்க?"

"மூஞ்சியை யாரு பாத்தா? குதிகாலைத் தூக்கி, பெருவிரலைத் தரையில அழுத்தி, ஒரு உதறு. இந்த ஆஸ்பத்திரியில நொண்டுறவங்க எத்தினியோ பேர். அந்த உதறு எனக்கு மட்டும்தான் இருந்துச்சு."

வேலூர்ப் பக்கத்துப் பையன். கல்யாண வயசு தாண்டிக்கொண்டிருந்தது. "ரொம்பக் கஷ்டமாக்கா?" என்றான்.

"கஷ்டம் இருக்கட்டும் தம்பி. காலையில கொஞ்சம் மெதுவா நடந்து பழகுங்க. அடுப்படியில நிக்க முடியல."

அவன் சிரித்தான். சிரித்து முடித்த பிறகு இரும்புக் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அது எனக்குத் திரும்ப வேணும்க்கா."

"எது? வலியா? கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"எனக்கும் மொதல்ல அப்பிடித்தான் தோணுச்சு." ஊன்றி நடக்கும் கைக்கட்டையால் இரும்பைத் தட்டினான். காலி டப்பா மாதிரி சத்தம் வந்தது. "வலி இருந்தவரைக்கும் அங்க ஒரு கால் இருந்துச்சு. இப்ப ஒண்ணும் இல்ல. இதைப் போட்டுகினு எந்திரிச்சா தரை எங்க இருக்குதுன்னே தெரியல. படியில கால் வெச்சுட்டேனா இல்லியான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது. கேட்டா டாக்டர் சொல்றாரு, காலோட ஞாபகமும் அந்த வலிக்குள்ளதான் இருந்துச்சாம். சேத்து அனுப்பிட்டாங்க. மயக்கத்துல கையெழுத்து வாங்குனாங்க, நானும் போட்டுட்டேன்."

"இப்ப என்ன ஆகணும்?"

"நடைத் தேர்வு வருது. மைதானத்தைச் சுத்தி விழாம நடந்தா ஸ்டோர்ல ஒரு வேலை குடுத்து வெச்சுக்குவாங்க. விழுந்தா ஊருக்கு அனுப்பிடுவாங்க."

"ஊருலதான் இருங்களேன்."

"ஊருல யாரு இருக்கா? அம்மா போயிட்டாங்க. பேசி வெச்ச பொண்ணு வீட்டுல, கால் போச்சுன்னதும் வேற எடம் பாத்துட்டாங்க. எனக்குப் பட்டாளம்தான் வீடு."

சீரங்காயி வா என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். அவன் கைக்கட்டையோடு பின்னால் வந்தான். பின்கட்டடத்து ஜன்னல் வழியாகக் காட்டினாள். பெரியண்ணன் வாயில் பிராணவாயு மூடியோடு மல்லாந்து கிடந்தார். நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது.

"எம் புருஷன். நீங்க திரும்ப வாங்கக் கையை நீட்டுனா அந்தக் குழாயைக் கழட்டிருவாங்க."

"வேற யாராச்சும் சிப்பாயோட வலியை உங்களுக்கு…"

"கேட் வரைக்கும் ஆள் நிக்குது. வலி பத்தல தம்பி."

அவன் ரொம்ப நேரம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அந்த மனுஷன் யாரோ. அவளே யாரோ. திட்டிவிட்டுப் போயிருந்தாலும் அவள் தப்பு சொல்லியிருக்க மாட்டாள்.

"அவர் இருக்குற வரைக்கும் வெச்சுக்குங்க" என்றான். "அப்பறம் குடுத்துடணும்."

அவள் நன்றி சொல்லவில்லை. கும்பிடவில்லை. "அன்னைக்கு நீங்க மயக்கத்துல இருந்தீங்க. அது குடுத்ததுல சேத்தி இல்ல. இப்ப முறையாக் குடுங்க" என்றாள். குவாரி வழக்கத்தைச் சொன்னாள். அவன் கைக்கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கல்லை ஏந்துகிற மாதிரி வெறும் கையை நீட்டினான். அதற்கு அடியில் அவள் தன் கையைக் கொடுத்தாள்.

"வாங்கியாச்சு" என்றாள். "திருப்பித் தரும்போது நீங்க சொல்லணும். சொன்னதும் விட்டுருவேன்."

"சத்தியமா?"

"நாங்க சத்தியம் பண்றது இல்ல. சொல்லு வந்தா கை விட்டுரும். அவ்வளவுதான்."

நடைத் தேர்வு நடந்த அன்று அவள் கிரஷரில் இருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கால் சொன்னது. சீராக விட்டு விட்டு வந்துகொண்டிருந்த வலி திடீரென்று தாறுமாறாகி, முழங்காலில் இடி மாதிரி இறங்கியது. அவள் சுத்தியலைப் போட்டுவிட்டு ஜல்லிமேல் சரிந்தாள். விழுந்தது அவன். வலித்தது அவளுக்கு.

அடுத்த முறை போனபோது குழாயடியில் டிரங்குப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

"ஊருக்குப் போறேங்க்கா. வேளை வந்தா சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. வந்து வாங்கிக்கறேன்."

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். வேறு என்ன கேட்பது?

பெரியண்ணனிடம் சொன்னபோது அவர் வழக்கம்போல நக்கலடிக்கவில்லை. மூடியைக் கையால் விலக்கிக்கொண்டு கேட்டார். "என்னால ஒருத்தன் சோலி போச்சா?"

"போயிருச்சு."

"அப்ப கேட்டுக்க. எனக்காக வச்சிருந்தது அது. எனக்கு அப்புறம் ஒரு நாள் வச்சிருந்தாலும் திருட்டு."

"சரி மாமா. மூடியைப் போடு."

ஐப்பசி அடைமழையில் அவருடைய மூச்சு நின்றது. மழை விடாததால் கிரஷரில் வேலை இல்லை, அதனால் எல்லோரும் வந்தார்கள். தூக்கினார்கள், எரித்தார்கள், போனார்கள். கட்டிலுக்கு அன்றைக்கே வேறு ஆள் வந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

வீட்டில் இருமல் சத்தம் இல்லை. தகரக் கூரையில் மழை நின்ற பிறகு ஒரு சத்தமும் இல்லை. சோறு ஆக்கினால் மிஞ்சியது. ஆக்காவிட்டால் கேட்க ஆள் இல்லை. காலையில் கண் விழித்ததும் எதற்கு எழுந்திரிப்பது என்று கிடந்தாள். அப்போது பெருவிரல் மெள்ள மடங்கியது. வேலூர்ப் பக்கத்தில் ஒருத்தன் எழுந்து இரும்புக் காலை மாட்டுகிறான். அவளும் எழுந்தாள்.

அதன் பிறகு அந்தக் கால்தான் அவளுக்குப் பொழுது. அவன் நடந்தால் குதிகால் இடித்தது. உட்கார்ந்தால் கெண்டைக்காலில் கூச்சம் ஊர்ந்தது. மத்தியானம் கொஞ்சம் அடங்கினால், சாப்பிட்டுப் படுத்திருப்பான் என்று அவளும் சட்டியை இறக்கினாள். ஒரு நாள் காலையிலிருந்து ஒன்றுமே இல்லை. மத்தியானமும் இல்லை. அவள் வேலைக்குப் போகவில்லை. அடுப்பு மூட்டவில்லை. காலை நீட்டி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் விரல் சுருக்கென்று மடங்கியது. "வந்துட்டியா தம்பி" என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன சத்தம் அவளுக்கே புதுசாக இருந்தது. பேசி அவ்வளவு நாள் ஆகியிருந்தது.

ரோசலின் போனில் கூப்பிட்டாள். "அம்மா, கட்டில் காலியான சேதி சொன்னேன், அவர் வந்துட்டார். எப்ப வர்றீங்க?"

"முப்பது கும்பிடட்டும் சிஸ்டர்."

முப்பதாம் நாள் காரியம் முடிந்தது. மறுபடி கூப்பிட்டாள்.

"கிரஷர்ல லீவு தர மாட்டேங்குறாங்க."

பொங்கலுக்குப் பிறகு கூப்பிட்டபோது ரோசலின் குரலில் பொறுமை இல்லை. "செவ்வாய்க்கிழமை தவறாம வந்து குழாயடியில உக்காந்திருக்காரும்மா. பஸ் மாறி, பஸ் மாறி. போன வாரம் படியில விழுந்து தாடை கிழிஞ்சு நான்தான் தையல் போட்டேன். உங்க விலாசத்தைக் கேட்டுக் கெஞ்சுறார். எனக்குக் குடுக்க அதிகாரம் இல்ல. வலியைப் போய் யாராச்சும் வேணும்னு வச்சுக்குவாங்களா? வந்து குடுத்துட்டுப் போங்க."

"வர்றேன் சிஸ்டர். இந்தச் செவ்வாய் வந்துடறேன்."

பொய் இல்லை. கொடுக்கத்தான் புறப்பட்டாள். பஸ்ஸில் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். மன்னிச்சுக்குங்க தம்பி, தாமசம் ஆயிருச்சு.

செவ்வாய்க்கிழமை புற நோயாளிகள் நாள். சுற்றியுள்ள கிரஷர்களிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். எல்லோர் முகத்திலும் துண்டு. எல்லோர் மேலும் ஒரே சாம்பல் நிறத் தூசி. அந்தக் கூட்டத்துக்குள் சீரங்காயியும் நடந்தாள். குழாயடி தெரிந்தது.

பெஞ்சில் குணாளன் இருந்தான். இளைத்திருந்தான். தாடையில் தையல் தழும்பு. இடது பக்கம் பேண்ட் முழங்காலில் கிழிந்து தைத்திருந்தது. அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தாண்டிப் போகும் கால்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னும் பத்தடி. போய்க் கையை நீட்டினால் முடிந்தது. மேசை, திரை, ஒரு மூச்சு. அப்புறம் பஸ். அப்புறம் வீடு. நாளைக் காலையில் கண் விழித்தால் அவளுடைய கால் அவளுடைய கால் மட்டும்தான்.

அவளுடைய குதிகால் தரையில் முழுசாக இறங்கியது. தூக்கவில்லை. உதறவில்லை. உள்ளே விரல்கள் முஷ்டியாக மடங்கித் துடித்தன. அவள் சேற்றை நினைத்தாள். ஈரமான, மெத்தென்ற சேறு. அவன் சொல்லிக் கொடுத்தபடியே விரல்களை ஒவ்வொன்றாக வெளியே விரித்துக்கொண்டு, ஒரு நோவும் இல்லாதவள்போல நேராக நடந்தாள்.

குணாளன் அவள் காலைப் பார்த்தான். அடுத்து வந்தவள் காலைப் பார்த்தான்.

நாலடி தாண்டியிருப்பாள். பின்னால் குரல் கேட்டது. அவள் வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. வாராவாரம் கூட்டத்தைப் பார்த்து அப்படித்தான் கூப்பிடுவான்போல.

"சீரங்காயி அக்கா! இருக்கீங்களா? வாங்கியாச்சுக்கா! வாங்கியாச்சு!"

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்னத்தை வாங்குனானாம் இந்த ஆளு?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி சிரித்தாள். சீரங்காயியும் கூட்டத்தோடு சேர்ந்து ஒரு தரம் திரும்பினாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்தபடி இரண்டு கையையும் ஏந்தி முன்னால் நீட்டியிருந்தான். கையில் ஒன்றும் இல்லை.

சொல் வந்துவிட்டது. அவள் விடவில்லை.

பின்கட்டடம் வழியாக வெளியே வந்து பஸ் ஏறினாள். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன. குதிகாலில் உளி இறங்கியது. அவன் எழுந்து நடக்கிறான். அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சீரங்காயி குணாளனுக்கு ஓர் இடது கால் தர வேண்டும். இன்னும் தரவில்லை.